ரின்னில் 2,140 ரூபா: வெள்ளத்துக்கு எப்படிக் கொடுப்பது?

என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மா ரின் (தகர டப்பா) இருக்கிறது. தைத்த துணியைக் கொடுத்துக் காசு வாங்கும் ஒவ்வொரு முறையும் இருபதோ ஐம்பதோ அதில் போடுவேன். அம்மா சோறு போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவா. பிடியரிசி என்று சொல்வோம். மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ, இல்லாத வீட்டுக்கோ போகும். என் ரின் அந்தப் பானையின் பிள்ளை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு ரின்னைக் கொட்டி எண்ணினேன். 2,140 ரூபா. அதே மேசையில் கரண்ட் பில், என் வீட்டுக்காரரின் ஆட்டோவுக்கு லீசிங் கட்டும் துண்டு, அடகில் இருக்கும் என் சங்கிலியின் ரசீது. மூன்றுக்கும் அந்த மாதமே காசு தேவை.

திருகோணமலை உப்புவெளியில் என்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் பலரும் அந்த நாட்களில் இதையே கேட்டார்கள். "கையில கொஞ்சக் காசுதான் இருக்கு அக்கா, எங்க குடுத்தா உருப்படியாப் போகும்?" நிவாரண லொறிக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பதா, நிதியத்துக்கு அனுப்புவதா, தெரிந்த வீட்டுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுப்பதா, அல்லது எங்கள் வீடே தத்தளிக்கும்போது பேசாமல் இருப்பதா? ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்ததை விட, நான் யோசித்ததையும் செய்து பார்த்ததையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதைத் தீர்க்காமல் மற்றதைப் பேச முடியாது. "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று மாமி அடிக்கடி சொல்வா. பாதி சரி என்பேன். எங்களைப் போன்ற வீடுகளில் மிஞ்சுவது என்ற ஒன்று கிடையாது. 2022இல் டொலர் ஏறி, எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு சம்பளம் ஏறினாலும் சாமான் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் நாங்கள் ஆயுளுக்கும் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கமாட்டோம். அது என்னால் முடியாது. 2004 மார்கழி (டிசம்பர்) 26இல் சுனாமி அலை வந்தபோது நாங்கள் சல்லி என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேரின் சோற்றைத் தின்றுதான் நான் வளர்ந்தேன்.

ஆனால் பழமொழியின் மற்றப் பாதியும் எனக்குச் சூடுபட்டுத் தெரியும். 2017 மே மாதம் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் வெள்ளமும் மண்சரிவும் வந்து இருநூறுக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். தொலைக்காட்சியைப் பார்த்து அழுதுகொண்டு லீசிங்குக்கு வைத்திருந்த 5,000 ரூபாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த மாதத் தவணை பிந்தியது, தண்டப்பணம் ஏறியது, அதைக் கட்டக் கைமாற்று வாங்கி, கைமாற்றுக்கு வட்டி கட்டி, ஆடி முடியும்வரை வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. கொடுத்த காசு என்னுடையது இல்லை என்பதுதான் பிழை. அது ஏற்கனவே இன்னொருவருக்குச் சேர வேண்டிய காசு.

அதற்குப் பிறகுதான் ரின் வந்தது. கடன், வாடகை, மருந்து, பிள்ளைகளின் பஸ் காசு எதுவும் ரின்னுக்குள் போகாது. ரின்னுக்குள் போனது திரும்ப வீட்டுக்கு வராது. 2022இல் எட்டு மாதம் ஒரு சதமும் போடவில்லை. போட முடியாத காலத்தில் போடாமல் இருப்பது குற்றமில்லை. பிறகு பத்து ரூபாவில் தொடங்கினேன். அடகு வைத்து, வட்டிக்கு எடுத்து, சீட்டுக் காசைப் பிந்தவிட்டு யாரும் வெள்ளத்துக்குக் கொடுக்கவேண்டாம். அப்படிக் கொடுத்தால் அடுத்த வெள்ளத்தில் கை நீட்டுகிற வரிசையில் நாங்களும் நிற்போம்.

இனி லொறிக்கு வருகிறேன். டித்வாவில் நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் உயிர் போனது. மலைநாட்டில் மண் சரிந்தது. எங்கள் மாவட்டத்தில் மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டும் உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர். இரண்டாம் நாளே சந்திக்குச் சந்தி மேசை போட்டுச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அரிசி, பருப்பு, சீனி, ரின்மீன், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல். அந்தப் பெடியன்களை நான் ஒரு சொல்லும் குறை சொல்லமாட்டேன். நித்திரை இல்லாமல் நின்றார்கள். வீதி தண்ணீருக்குள், கடை பூட்டு, அடுப்பு நனைந்து போய்க் கிடக்கும் முதல் நாலைந்து நாளில் காசைத் தின்ன முடியாது. சமைத்த சாப்பாடு, குடிதண்ணீர், குழந்தைப் பால்மா, உலர்ந்த உடுப்பு, இவை பொருளாகத்தான் போகவேண்டும். 2004இல் கிண்ணியாவுக்குப் போக 'பாதை' என்கிற மிதவைப் படகு ஏறவேண்டும், பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அப்போது அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பாண் கூடப் பெரிய விசயம்.

என்றாலும் சின்னக் காசுக்கு லொறி நல்ல வழியா? என் கணக்கில் இல்லை. 2,000 ரூபாவுக்கு நான் கடையில் சில்லறை விலைக்கு வாங்குகிறேன். அதைப் பொதி கட்டப் பை, ஏற்ற ஆள், ஓட டீசல். மொத்தமாக வாங்குகிற ஒரு அமைப்பு அதே காசுக்கு என்னை விடக் கூடுதலாக வாங்கும். அதை விடப் பெரிய சிக்கல், எல்லோரும் ஒரே சாமானையே கொடுப்பது. கிண்ணியாவில் இருந்து துணி கொண்டு வருகிற ராத்தா ஒருவர் இருக்கிறார். அவரின் தங்கச்சி மூதூர்ப் பக்கம். "பதினொரு கிலோ பருப்புச் சேர்ந்திட்டு புள்ள. கேஸ் சிலிண்டரத் தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டு. அந்தப் பருப்ப வெச்சு என்ன செய்யிற? ஆருமே ஒரு வாளி கொண்டு வரல்ல" என்றார். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அதை அள்ள வாளி இல்லை, மண்வெட்டி இல்லை, தேய்க்கத் தும்புத்தடி இல்லை. அரசாங்கம் வீடு துப்புரவாக்க 25,000 ரூபா என்று அறிவித்தது நல்ல காரியம். ஆனால் பதிவு, படிவம், ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரின் கையெழுத்து என்று அது கைக்கு வரும்வரை சேறு காத்திருக்காது, காய்ந்து இறுகிவிடும்.

ஆகவே சாமானாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, யாராவது பேர் சொல்லிக் கேட்ட சாமானை மட்டும் வாங்குங்கள். "ரெண்டு வாளியும் குளோரினும் வேணும்" என்று கேட்டால் அதை. பழைய உடுப்பு மட்டும் வேண்டாம். தையற்காரியாகச் சொல்கிறேன். பொத்தான் அறுந்த, சிப் பழுதான, கறை பட்ட துணியை மூட்டையாகக் கட்டி அனுப்பினால் அங்கே அதைப் பிரிக்கவும் எரிக்கவும் இன்னும் நாலு பேர் தேவை.

நிதியத்துக்கும் பெரிய அமைப்புகளுக்கும் அனுப்புவதைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. சுனாமிக் காசு எங்கே போனது என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதையே காரணமாக வைத்து எல்லாக் கதவையும் பூட்டிவிட்டால் பதுளையிலும் நுவரெலியாவிலும் லயன் என்கிற தோட்டத்து வரிசை வீட்டோடு மண்ணுக்குள் போன குடும்பங்களுக்கு நான் எப்படி உதவுவது? எனக்கு அங்கே ஆளைத் தெரியாது. பஸ் ஏறிப் போனாலும் அந்த நாட்களில் மலைப்பாதைகள் அறுந்து கிடந்தன. தூரத்து அழிவுக்கு அமைப்புத்தான் கை. செஞ்சிலுவைச் சங்கம் போல மாவட்டந்தோறும் கிளை இருக்கிற, ரசீது கொடுக்கிற, கணக்கு வெளியிடக் கடமைப்பட்ட இடம் என்றால் எனக்குத் திருப்தி. அரசாங்கமும் டித்வாவுக்குப் பிறகு 'ரீபில்டிங் ஸ்ரீலங்கா' என்று ஒரு நிதியம் தொடங்கியது. உடைந்த பாலத்தையும் வீதியையும் என் 500 ரூபாவால் நேரே திருத்த முடியாது. அது போன்ற வேலைக்குப் பொதுப் பானையில்தான் போடவேண்டும்.

இந்த வழியில் சின்னக் காசுக்கு ஒரு கசிவு இருக்கிறது. ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்கு அனுப்பும்போது கட்டணம் பிடிப்பார்கள். ஒரு இலட்சம் அனுப்புகிறவருக்கு அது கண்ணில் படாது, 300 ரூபா அனுப்புகிறவருக்கு உறைக்கும். நாங்கள் செய்தது, ஒழுங்கையில் ஏழு வீடு சேர்ந்து ஆளுக்கு 500 போட்டு 3,500 ரூபாவை ஒரே தடவையில் அனுப்பினோம். ஒரு கட்டணம், ஒரு ரசீது. ரசீதைப் படம் எடுத்து ஏழு பேருக்கும் வட்ஸ்அப்பில் போட்டது முடி வெட்டுகிற தம்பி. அந்த நாட்களில் கணக்கு இலக்கத்தோடு எத்தனையோ செய்திகள் சுற்றின. கணக்கு அமைப்பின் பேரில் இல்லாமல் தனியாள் ஒருவரின் பேரில் இருந்தால், அந்த ஆளை எங்களில் ஒருவருக்காவது நேரே தெரியாவிட்டால், அனுப்பவில்லை. அழுகிற குழந்தையின் படம் போட்டிருந்தாலும் அனுப்பவில்லை.

மூன்றாவது வழியான நேரே கொடுப்பதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சீப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சுனாமிக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். அரிசி வந்தது, பாய் வந்தது, சவர்க்காரம் வந்தது. இரண்டாம் கிழமை எங்கள் எல்லோருக்கும் தலை முழுக்கப் பேன். கட்டையாக வெட்டிவிடலாம் என்று யாரோ சொல்ல, தங்கச்சி கூந்தலைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கிழமைதான் முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்தா. வெள்ளைச் சேலை, கையில் குடை. ஒருவருக்கும் தெரியாமல் அம்மாவின் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடிவிட்டுப் போனா. நூறு ரூபாத் தாள் இரண்டு. அம்மா அன்றைக்குப் பின்னேரமே சந்தைப் பக்கம் நடந்து போய் மரத்தில் செய்த பேன் சீப்பு ஒன்றும், சின்னப் போத்தல் வேப்பெண்ணெயும், தனக்கு ஒரு உள்பாவாடையும் வாங்கிக்கொண்டு வந்தா. மிச்சத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்பழம். அந்தச் சீப்பு ஆறு குடும்பத்துக்கும் சுற்றியது. பல்லிடுக்கில் நூல் விட்டுத் துப்புரவாக்கி அடுத்த ஆளுக்குக் கொடுப்போம்.

இத்தனை லொறி வந்தது, எந்த லொறியிலும் பேன் சீப்பு வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அது தேவை என்று அந்த வகுப்பறைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். உள்பாவாடை தேவை என்று அம்மா யாரிடம் வாய்விட்டுக் கேட்பா?

அதனால்தான் கடை திறந்த பிறகு, வீதி வழிவிட்ட பிறகு, காசைக் காசாகவே கையில் கொடுப்பது மற்ற எல்லாவற்றையும் விட நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உலகத்தில் பெரிய நிவாரண அமைப்புகள் கூட இப்போது பல இடங்களில் பொதிக்குப் பதிலாகக் காசே கொடுக்கின்றன. வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைத் தானே தெரிவு செய்கிறார். அந்த ஊர்ப் பெட்டிக்கடைக்கும் வியாபாரம் நடக்கிறது, வெள்ளத்தில் அந்தக் கடைக்காரரும்தானே நனைந்தார். "காசைக் குடுத்தா குடிச்சிடுவாங்கள்" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில், வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. நேரே கொடுக்கும்போது எங்களுக்குத் தெரிந்தவர்களுக்கே கொடுக்கிறோம். எங்கள் சொந்தம், எங்கள் கோயில், எங்கள் பள்ளிவாசல். ஒருவருக்கும் தெரியாத வீடு அப்படியே விடுபட்டுப் போகிறது. இதற்கு நான் கண்ட வழி, அந்த ஊர் ஜீ.எஸ்.இடமோ பள்ளிக்கூட ரீச்சரிடமோ "ஒருத்தரும் எட்டிப் பார்க்காத வீடு எது?" என்று கேட்பது. பெரும்பாலும் முகாமுக்குப் போகாமல் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கிய குடும்பங்கள்தான் அவை. முகாமில் பெயர் இருப்பவருக்குப் பொதி வரும். விறாந்தையில் இருப்பவரைத் தேடி யார் வருவார்? எனக்கு அப்படித்தான் வெருகல் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது. தகப்பன் இல்லை, தாய் கூலி வேலை, மூன்று பிள்ளைகள், ஒரு ஆத்தை.

கொடுக்கும்போது படம் எடுக்கக்கூடாது. இது பற்றி எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

காசே இல்லாதவர்களுக்கு உழைப்பு இருக்கிறது. ஆனால் எந்த உழைப்பு என்று பார்க்கவேண்டும். கிணறு இறைக்கத் தெரிந்தவர், வயர் வேலை தெரிந்தவர், மேசன், ஓடு மாற்றுகிறவர், இவர்கள் ஒரு நாள் போனால் அந்த ஒரு நாள் ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் பெறும். வேலை தெரியாத பத்துப் பேர் வான் பிடித்துப் போய்ச் சேற்றில் நின்று, அங்கேயே சாப்பாடும் எதிர்பார்த்தால் அது அந்த ஊருக்குப் பாரம். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று எலிக்காய்ச்சல் வந்தால் வீட்டுக்கும் பாரம்.

என் கைக்குத் தெரிந்தது தையல். பள்ளிக்கூடச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. தையற்கூலி பெற்றோருடையது. நான் ஒரு வெள்ளைச் சட்டைக்கு 800 ரூபா வாங்குகிறேன். மூன்று பிள்ளை என்றால் 2,400, கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு அது ஒன்றரை நாள் உழைப்பு. மார்கழியில் இரவு ஒன்பதுக்குப் பிறகு, என் ஓடர் முடிந்ததும், ஒரு நாளைக்கு ஒன்றாகப் பதினொரு சட்டை தைத்தேன். ரீச்சர் ஒருவர் அளவுகளைக் கொப்பித்தாளில் எழுதி அனுப்பினார். துணி சில வீடுகளில் வெள்ளத்துக்கு முன்னமே வாங்கி வைத்தது, மடிப்பின் ஓரத்தில் செம்மண் கோடு பிடித்திருந்தது. எலுமிச்சம்புளியும் வெயிலும் வைத்துப் பார்த்தேன், முழுதாகப் போகவில்லை. கோடு விழுந்த பக்கத்தை உள்மடிப்புக்குள் விட்டு வெட்டினேன். பிள்ளை வளர்கிறபோது மடிப்பை இறக்கினால் அந்தக் கோடு திரும்பத் தெரியும். அதற்குள் அடுத்த துணி வந்துவிடும். கோடு தெரியாத சட்டையோடு முதல் நாள் வகுப்புக்குப் போகிறதுதான் அந்தப் பிள்ளைக்கு முக்கியம்.

கணக்கைப் பார்த்தால் என் ரின்னில் இருந்ததைப் போல நாலு மடங்கு பெறுமதியை என் கை கொடுத்திருக்கிறது. எனக்குச் செலவு நூலும் ஊக்கும் பொத்தானும் கொஞ்சக் கரண்டும்தான். ஆகவே எந்த வழி நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களைத் திருப்பிக் கேட்கிறேன், உங்களுக்கு என்ன வேலை தெரியும்?

இத்தனை வழிகளையும் எடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. எங்கே கொடுப்பது என்பதை விட எப்போது கொடுப்பது என்பதுதான் சின்னக் காசின் பலத்தைத் தீர்மானிக்கிறது. முதல் கிழமை எல்லோரும் கொடுக்கிறார்கள். என் ஆயிரம் ரூபா அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். ஆறாம் கிழமை யாரும் இல்லை. தொலைக்காட்சி வேறு கதைக்குப் போய்விட்டது. அப்போதுதான் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை, கோழிக்கூடு இல்லை, கூலி வேலைக்கு வயல் இல்லை. அந்தக் கிழமை போய்ச் சேர்கிற ஆயிரம் ரூபா, முதல் கிழமையின் பத்தாயிரம். கையில் கொஞ்சமே இருக்கிறவர்கள் அவசரப்படத் தேவையில்லை. பெரிய கைகள் முதலில் போகட்டும், நாங்கள் பிறகு போவோம்.

அப்படியே என் 2,140 ரூபாவைப் பிரித்தேன். 500 ஒழுங்கைக் காசோடு மலைநாட்டுக்கு. 640 நூல், பொத்தான், வெருகலுக்குப் பஸ் காசு. மிச்சம் 1,000 ரூபாவை மார்கழி முழுக்கத் தொடாமல் வைத்திருந்து தைப்பொங்கல் முடிந்த கிழமை கொண்டுபோனேன். அந்தத் தாய் காசை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "இருங்க அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றா. சீனி கடன் வாங்க ஆத்தை பக்கத்து வீட்டுக்குப் போனதைக் கண்டேன். மறுக்கவில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

புறப்படும்போது நடுவில் உள்ள பெடியன் வாசல்வரை வந்தான். சட்டை புதிது, நான் தைத்தது. காலில் ரப்பர் செருப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. பள்ளிக்கூடத்தில் சப்பாத்துக் கேட்கிறார்களா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். மண்ணில் அவன் கால் பதிந்த இடத்தை என் அளவு நாடாவால் அளந்து ரின் மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ரின்னில் இப்போது 370 ரூபா இருக்கிறது. மாசியில் கலியாணச் சட்டை ஓடர் இரண்டு வருகிறது.